செய்ன்லெஜியே குதிரைச் சந்தை விழா

செய்ன்லெஜியே குதிரைச் சந்தை விழா என்பது சுவிட்சர்லாந்தின் ஜூரா மாநிலத்தில் உள்ள செய்ன்லெஜியே என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் வார இறுதியில் நடைபெறும் குதிரைக் காட்சி, சந்தை, பந்தயம் ஆகியவை இணைந்த நாட்டுப்புறத் திருவிழா ஆகும். பிரெஞ்சு மொழியில் இது மார்ஷே-கோங்கூர் என்று அழைக்கப்படுகிறது. 1897ஆம் ஆண்டு தொடங்கிய இவ்விழா ஃபிரைபெர்கர் என்ற ஒரே குதிரை இனத்தை மையமாகக் கொண்டது. சுமார் 2500 பேர் வாழும் இவ்வூரில் அந்த வார இறுதியில் ஏறத்தாழ 400 குதிரைகளும் பல பத்தாயிரம் பார்வையாளர்களும் கூடுகின்றனர்.

வளர்ப்போர் தம் குதிரைகளை நல்ல விலைக்கு விற்க வேண்டும் என்பதே இவ்விழாவின் தொடக்க நோக்கம். கடந்த நூற்றாண்டில் இந்தக் குதிரைகளுக்கு இருந்த வேலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அதற்கேற்ப விழாவின் பணியும் மாறியது. இனத்திற்குப் புதிய பயன்பாட்டையும் புதிய வாங்குவோரையும் தேடித்தருவதே இன்று இதன் முதன்மையான வேலையாக உள்ளது.

பெயர்

மார்ஷே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சந்தை என்றும், கோங்கூர் என்ற சொல்லுக்குப் போட்டி என்றும் பொருள். இங்கு போட்டி என்பது முதலில் ஓட்டப் பந்தயத்தைக் குறிக்கவில்லை. குதிரைகளை வரிசையாக நிறுத்தி, நடுவர்கள் பார்வையிட்டு மதிப்பெண் அளித்துத் தரவரிசைப்படுத்துவதையே குறித்தது. முதலில் தரம் பார்ப்பது, பிறகு விலை பேசுவது என்ற ஒழுங்கு பெயரிலேயே அமைந்துள்ளது.

அமைவிடம்

செய்ன்லெஜியே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில், ஜூரா மலைத்தொடரின் மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது. இது ஃபிரான்ஷ்-மோந்தாஞ் மாவட்டத்தின் தலைமையிடம். ஃபிரான்ஷ்-மோந்தாஞ் என்றால் வரி விலக்குப் பெற்ற மலைகள் என்று பொருள் கொள்ளலாம். 1384ஆம் ஆண்டு பேசல் நகர இளவரச ஆயர், ஆளரவமற்ற இந்தக் குளிர்ந்த மேட்டுநிலத்தில் மக்களைக் குடியேற்றுவதற்காக, காட்டைத் திருத்தி வாழ வருவோருக்கு வரிகளிலிருந்து விலக்கு அளித்தார். அந்தச் சலுகையே நிலத்தின் பெயராயிற்று. இதன் ஜெர்மன் வடிவம் ஃபிரைபெர்கே என்பதாகும். குதிரை இனத்தின் பெயரான ஃபிரைபெர்கர் இதிலிருந்தே வந்தது. பிரெஞ்சு பேசுவோர் இனத்தையும் ஃபிரான்ஷ்-மோந்தாஞ் என்றே அழைக்கின்றனர்.

இங்குள்ள மண் சுண்ணாம்புப் பாறையின் மீது அமைந்தது. மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கிவிடுவதால் மேற்பரப்பில் ஓடைகள் குறைவு. பனிக்காலம் நீண்டது. பயிர்த்தொழிலுக்குப் பெரிதாக இடம் தராத இந்நிலம் புல்லுக்கு ஏற்றது. எனவே மக்கள் மாடும் குதிரையும் வளர்த்தனர். பனிக்காலத்தில் பல வீடுகளில் கடிகார உதிரிப்பாகங்கள் செய்யும் கைத்தொழிலும் நடந்தது.

இப்பகுதியின் தனித்த அடையாளம் மரமடர்ந்த மேய்ச்சல் நிலமாகும். திறந்த புல்வெளியில் தேவதாரு இன மரங்கள் தனித்தனியாகவும் கூட்டமாகவும் நிற்கும். இந்நிலங்களில் பெரும்பகுதி ஊர்ப் பொதுச்சொத்து. கோடையில் மாடுகளும் குதிரைகளும் ஒன்றாக மேய விடப்படுகின்றன. சாலைகளுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் இடையே வேலி இல்லாத இடங்கள் உண்டு. அங்கே விலங்குகள் எல்லை தாண்டாமல் இருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் கம்பித் தடுப்புகள் பதிக்கப்பட்டிருக்கும். மாடுகள் ஒதுக்கும் முரட்டுப் புல்லைக் குதிரைகள் மேய்கின்றன. மேய்ச்சல் நின்றால் சில பத்தாண்டுகளில் இந்நிலம் அடர்காடாகிவிடும். ஆகவே இங்கே குதிரை என்பது விற்பனைப் பொருள் மட்டுமல்ல. நிலத்தின் தோற்றத்தைக் காப்பதும் அதுவே.

ஃபிரைபெர்கர் குதிரை

ஃபிரைபெர்கர், சுவிட்சர்லாந்தின் சொந்தக் குதிரை இனமாகும். மேற்கு ஐரோப்பாவில் எஞ்சியுள்ள கடைசி இலகுரக இழுவைக் குதிரை இனம் என்று இது பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. தோள்மேட்டில் அளந்தால் இதன் உயரம் 150 முதல் 160 சென்டிமீட்டர் வரை. எடை சுமார் 550 முதல் 650 கிலோகிராம் வரை. நிறம் பெரும்பாலும் கருமுடிப் பிடரியுடன் கூடிய பழுப்பு அல்லது செம்பழுப்பு. உழவுக் குதிரைகளைப் போன்ற பேருருவமும் இல்லை, பந்தயக் குதிரைகளைப் போன்ற மெலிந்த உடலும் இல்லை. வண்டி இழுக்கவும், பொதி சுமக்கவும், ஏறிச் செல்லவும் பயன்படும் நடுத்தர உடலமைப்பு இதனுடையது. எளிதில் மிரளாத அமைதியான குணமே இதன் பெரும் சிறப்பாகப் போற்றப்படுகிறது.

19ஆம் நூற்றாண்டில் ஜூரா மலைக் குதிரைகளை மேம்படுத்த வெளியிடங்களிலிருந்து பல வகைப் பொலிகுதிரைகள் கொண்டுவரப்பட்டன. அக்கலப்புகளில் நிலைத்து நின்றவை சிலவே. 1891ஆம் ஆண்டு பிறந்த வையான் என்ற பொலிகுதிரையின் வழியும், நார்மண்டிப் பகுதியிலிருந்து வாங்கப்பட்ட ஏம்ப்ரேவூ என்ற பொலிகுதிரையின் வழியும் இன்றைய இனத்தின் அடித்தளமாகக் கருதப்படுகின்றன. வையான் பிறந்து ஆறு ஆண்டுகளில் சந்தை விழா தொடங்கியது. இனம் உருப்பெற்றதும் விழா வளர்ந்ததும் ஒரே காலத்து நிகழ்வுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த உடலமைப்பு நல்லது, எது கழிக்கத்தக்கது என்பதை வளர்ப்போர் ஒன்றாகக் கூடிப் பார்த்து முடிவு செய்த இடங்களுள் செய்ன்லெஜியே முதன்மையானது.

தோற்றம்

1892ஆம் ஆண்டு லா ஷோ-த-ஃபோன் நகரிலிருந்து செய்ன்லெஜியேவுக்குக் குறுகிய இருப்புப்பாதை போடப்பட்டது. 1904இல் மறுபுறத்தில் குளோவ்லியே வரையும் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. இதனால் தொலைவிலுள்ள வணிகர்கள் மலையேறி வருவது எளிதாயிற்று. வளர்ப்போருக்கும் இது உதவியது. தனித்தனியாகப் பண்ணைக்கு வரும் தரகரிடம் அவர் சொன்ன விலைக்கு விற்பதைவிட, எல்லாக் குதிரைகளையும் ஓரிடத்தில் கூட்டி, தரம் அறிந்த நடுவர்கள் முன் நிறுத்தி, பல வாங்குவோரிடையே விற்பது இலாபகரமானது. பக்கத்துப் பண்ணைக் குதிரையோடு தன் குதிரையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது.

அக்காலத்தில் வாங்குவோர் இரு வகையினர். சமவெளி உழவர்கள் ஏருக்கும் வண்டிக்கும் வாங்கினர். இராணுவம் பீரங்கி இழுக்கவும் மலைப்பாதைகளில் பொதி சுமக்கவும் வாங்கியது. இவ்விரண்டு தேவைகளுக்கும் ஒரே வகைக் குதிரை பொருந்தியதே ஃபிரைபெர்கர் இனத்தின் நல்வாய்ப்பு.

விழா நிகழ்ச்சிகள்

காட்சியும் மதிப்பீடும்

சனிக்கிழமை காலை குதிரைகள் மதிப்பிடப்படுகின்றன. பொலிகுதிரைகள், பெட்டைகள், இளங்குதிரைகள் எனப் பாலின வாரியாகவும் வயது வாரியாகவும் அவை பிரிக்கப்படுகின்றன. உரிமையாளரோ அவர் வீட்டாரோ குதிரையைக் கையில் பிடித்து நிறுத்துவர். பின்னர் நேர்க்கோட்டில் நடத்தியும், உடன் ஓடிப் பெருநடையில் விட்டும் காட்டுவர்.

இவ்வினத்தின் மதிப்பீட்டில் மூன்று கூறுகள் உண்டு.

முதலாவது, இனச் சாயல். தலை, கழுத்து, மொத்தத் தோற்றம் ஆகியவை ஃபிரைபெர்கருக்கு உரியவையாக இருக்கின்றனவா என்று பார்க்கப்படும்.

இரண்டாவது, உடற்கட்டு. முதுகு, தோள், கால்களின் நேர்மை, மூட்டு, குளம்பு ஆகியவை ஆராயப்படும். கால் கோணலான குதிரை இளமையில் நன்றாக ஓடினாலும் வேலையில் நீடிக்காது.

மூன்றாவது, நடை. அடிகள் நீளமாகவும் சீராகவும் விழுகின்றனவா, பின்கால்கள் உடலை உந்தித் தள்ளுகின்றனவா என்பன கவனிக்கப்படும்.

ஒவ்வொரு கூற்றுக்கும் 9 வரை மதிப்பெண் உண்டு. இந்த எண்கள் குதிரையின் விலையையும் அதன் குட்டிகளின் விலையையும் பாதிக்கும். அதனால் மதிப்பீட்டு வளையத்தைச் சுற்றி நிற்போரில் வளர்ப்போரே மிகுதி. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் பிற்பகலில் வருகின்றனர்.

சந்தை

தொடக்க காலத்தில் பேரம், கைகொடுத்தல், பணம் கைமாறுதல் அனைத்தும் திடலிலேயே நடந்தன. இன்று விற்பனை முழுவதும் இங்கு முடிவதில்லை. வாங்க விரும்புவோர் குதிரையை இங்கே பார்த்து, பிறகு பண்ணைக்குச் சென்று ஏறிப் பார்த்து, மருத்துவச் சோதனைக்குப் பின் வாங்குவதே வழக்கமாகிவிட்டது. எனவே சந்தை என்பது இப்போது பெரிதும் ஒரு காட்சியறையாகச் செயல்படுகிறது. ஆயினும் வளர்ப்போரும் வாங்குவோரும் நேரில் சந்திக்கும் இடம் என்ற முறையில் அதன் பயன் குறையவில்லை.

பந்தயங்கள்

பார்வையாளர்களை மிகவும் ஈர்ப்பது நாட்டுப்புறப் பந்தயங்கள். இவற்றில் ஓடுபவை தொழில்முறைப் பந்தயக் குதிரைகள் அல்ல. வார நாட்களில் வண்டி இழுக்கும், மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் அதே ஃபிரைபெர்கர் குதிரைகள்தாம் பெரும்பாலும் ஓடுகின்றன.

பண்ணை வீட்டு இளைஞர்களும் இளம்பெண்களும் சேணம் இல்லாமல் வெறும் முதுகில் அமர்ந்து ஓட்டும் பந்தயம் இவ்விழாவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அங்கவடி இல்லாததால் தொடைகளின் பிடியும் உடற்சமநிலையுமே ஓட்டுபவரைக் காக்கும். கனத்த உடல், அகன்ற முதுகு, வளைவுகளில் நெருங்கி வரும் பிற குதிரைகள் ஆகியவற்றுக்கிடையே விழாமல் இருப்பதே திறமை. சிறுவயது முதல் அந்தக் குதிரைகளோடு வளர்ந்தவர்களுக்கே இது கைவரும்.

உரோமானியத் தேர்ப் பந்தயம் மற்றொரு வகை. இரு சக்கரத் தேரில் ஓட்டுபவர் நின்றபடி கடிவாளத்தைப் பிடித்துச் செல்வார். நான்கு குதிரைகள் பூட்டிய தேர்களும் ஓடுகின்றன. இளம் ஓட்டுநர்கள் இசைக்கேற்பக் குதிரைகளை அணி மாற்றி நடத்தும் நாட்டுப்புற அணிநடையும் நடைபெறும்.

இப்பந்தயங்கள் பொழுதுபோக்காகத் தோன்றினாலும் சந்தையோடு தொடர்புடையவை. கைதட்டல், இசை, ஒலிபெருக்கி, நெருங்கிய கூட்டம் ஆகியவற்றின் நடுவே பாய்ந்து ஓடிய குதிரை, ஓட்டம் முடிந்த சில நிமிடங்களில் ஒரு சிறுவனின் கையில் அமைதியாக நிற்கிறது. அந்தக் குணத்தை எந்த மதிப்பெண் பட்டியலும் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. குடும்பத்துக்கென ஒரு குதிரை வாங்க நினைப்பவர் தேடுவதும் அதைத்தான்.

ஊர்வலம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஊர்வலம் நடைபெறும். பழைய வண்டிகள், உழவுக் கருவிகள், அலங்கார வண்டிகள், இசைக்குழுக்கள், மரபுடை அணிந்தோர் ஆகியோர் இதில் இடம்பெறுவர். ஒவ்வோர் ஆண்டும் வேறொரு மாநிலமோ பகுதியோ சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டு, தன் நாட்டுப்புறக் கலைகளோடு பங்கேற்கும். நாட்டின் அரசியல் தலைவர்கள் விருந்தினராக வருவதும் வழக்கம்.

வேலை இழந்த குதிரைகள்

இரண்டாம் உலகப் போரின்போது சுவிட்சர்லாந்தில் எரிபொருள் தட்டுப்பாடு நிலவியது. உழவும் போக்குவரத்தும் குதிரைகளையே நம்பியிருந்தன. போருக்குப் பின் இந்நிலை வேகமாக மாறியது. 1950களிலும் 1960களிலும் டிராக்டர்கள் பண்ணைகளை நிறைத்தன. ஏருக்குக் குதிரை வாங்கும் உழவர் அரிதானார்.

அடுத்த அடி இராணுவத்திலிருந்து வந்தது. 1972ஆம் ஆண்டு நாடாளுமன்றம் குதிரைப்படையைக் கலைக்க முடிவு செய்தது. அதை எதிர்த்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டும் முடிவு மாறவில்லை. குதிரைப்படை வீரர்கள் ஏறிச் சென்றவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்ட இலகுவகைக் குதிரைகளே. ஃபிரைபெர்கரின் இடம் பொதிப் பிரிவு. அப்பிரிவு இன்றும் உள்ளது, மலைப்பாதைகளில் ஃபிரைபெர்கர் குதிரைகள் சுமை தூக்குகின்றன. ஆனால் இராணுவத்துக்கு வேண்டிய எண்ணிக்கை பழைய காலத்தோடு ஒப்பிட மிகச் சிறியது.

இவ்வாறு உழவர், இராணுவம் என்ற இரண்டு பெரும் வாங்குவோரும் ஒரு தலைமுறைக்குள் விலகினர். ஓய்வுநேரக் குதிரையேற்றம், வண்டியோட்டும் விளையாட்டு, சுற்றுலா, உடல் மற்றும் மனநலச் சிகிச்சை ஆகியவை மெல்ல அவ்விடத்தை நிரப்பின. வாங்குவோர் நகரவாசிகளாயினர். அவர்களுக்குக் குதிரையின் இழுவை வலிமை பெரிதல்ல, குணமும் ஏறிச் செல்லும் வசதியுமே பெரிது. இந்தப் புதிய வாங்குவோரை மலைக்கு வரவழைத்ததில் சந்தை விழாவின் பங்கு முதன்மையானது.

புதிய தேவைக்கேற்ப குதிரையை இலகுவாக்க வேறு இனங்களின் குருதியும் கலக்கப்பட்டது. இதே வழியில் சென்றால் ஃபிரைபெர்கர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது என்ற அச்சம் வளர்ப்போரிடையே எழுந்தது. கடும் விவாதங்களுக்குப் பின் 1990களின் இறுதியில் வெளியினக் கலப்பு நிறுத்தப்பட்டது. இன்று மூன்று வயதுக் குதிரைகள் உடலமைப்பில் மட்டுமின்றி, வண்டி இழுப்பதிலும் ஏறிச் செல்வதிலும் களத்தேர்வு எழுத வேண்டும். பொலிகுதிரையாக விரும்பப்படும் இளங்குதிரைகள் குளோவ்லியேவில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவான்ஷில் உள்ள தேசியக் குதிரைப் பண்ணையில் 40 நாள் தேர்வுக்கு உட்படுத்தப்படுகின்றன.

ஜூரா அரசியலும் குதிரை நிலமும்

1815ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டின் முடிவால், பிரெஞ்சு மொழி பேசும் ஜூராப் பகுதி ஜெர்மன் மொழி பெரும்பான்மையான பேர்ன் மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. இணைப்பை ஏற்காத உணர்வு நீறுபூத்த நெருப்பாக இருந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தனி மாநிலக் கோரிக்கையாக வலுப்பெற்றது.

1950களிலும் 1960களிலும் ஃபிரான்ஷ்-மோந்தாஞ் மேட்டுநிலத்தில் இராணுவப் பயிற்சிக் களம் அமைக்கும் திட்டம் இப்போராட்டத்தைக் கூர்மையாக்கியது. தாங்கிகளுக்கான களம் என்றிருந்த திட்டம் எதிர்ப்பால் பின்னர் குதிரைகளுக்கான களம் என்று மாற்றப்பட்டது. இராணுவக் குதிரைகளுக்காக ஒருகாலத்தில் செழித்த இதே நிலத்தில் அதையும் மக்கள் ஏற்கவில்லை. மேய்ச்சல் நிலத்தை இழப்பது ஊரையே இழப்பதற்கு ஒப்பாகும் என்று அவர்கள் கருதினர். இராணுவத்துறை வாங்கிய பண்ணை வீடுகள் சில தீக்கிரையாயின. 1964ஆம் ஆண்டு லே ராஞ்சியேவில் நடைபெற்ற நினைவு விழாவில் கூட்டாட்சி அமைச்சர் போல் ஷோதே பேச முடியாதபடி கூட்டம் முழக்கமிட்டது. இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. 1974இல் நடந்த வாக்கெடுப்பைத் தொடர்ந்து 1979 ஜனவரி 1 அன்று ஜூரா தனி மாநிலமானது.

குதிரை இப்பகுதியின் அடையாளமாக உறுதிப்பட்டதில் இந்தப் போராட்டக் காலத்துக்கும் பங்குண்டு. அதனால் ஆகஸ்ட் மாத விழா, கால்நடைக் காட்சி என்ற எல்லையைக் கடந்து, ஒரு மக்கள் தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும் நாளாகவும் விளங்குகிறது.

இன்றைய சிக்கல்கள்

ஃபிரைபெர்கர் வளர்ப்பு இன்றும் பெரிய வருவாய் தரும் தொழில் அல்ல. பெரும்பாலோர் மாடு வளர்ப்போடு சில பெட்டைக் குதிரைகளையும் வைத்திருக்கும் குடும்பத்தினர். குட்டி பிறந்து, வளர்ந்து, பழக்கப்பட்டு, ஏறிச் செல்லத் தகுதி பெறும் வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் செலவு செய்ய வேண்டும். கிடைக்கும் விலை அந்தச் செலவை எப்போதும் ஈடுகட்டுவதில்லை.

எல்லாக் குட்டிகளும் காட்சித் திடலுக்கு வருவதில்லை என்பதும் உண்மை. சுவிட்சர்லாந்தில் குதிரை இறைச்சி உண்ணப்படுகிறது. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வளர்ப்புக்குத் தேர்வாகாத குட்டிகளில் ஒரு பகுதி இறைச்சிக்குச் செல்கிறது. விலங்குநல ஆர்வலர்கள் இதைக் கண்டிக்கின்றனர். அந்த வருவாயும் இல்லையென்றால் பலர் பெட்டைகளைச் சினைப்படுத்துவதையே நிறுத்திவிடுவர், இனம் இன்னும் சுருங்கும் என்று வளர்ப்போர் பதிலளிக்கின்றனர். வேறு வேலைக்கு வாங்கப்படும் குட்டிகளின் எண்ணிக்கை கூடினால்தான் இந்த முரண் தணியும். குதிரைகளை இறுதிவரை காக்கும் முயற்சிகளும் இதே மண்ணில் உண்டு. அருகிலுள்ள லே புரூலே ஊரில், வேலை முடிந்த முதிய குதிரைகளுக்கான காப்பகம் ஒன்று பல பத்தாண்டுகளாக இயங்குகிறது.

வெளியினக் கலப்பு நிறுத்தப்பட்டதன் மறுபக்கமாக, நெருங்கிய உறவுக் குதிரைகளிடையே இனப்பெருக்கம் நிகழும் ஆபத்து கூடியுள்ளது. சில புகழ்பெற்ற பொலிகுதிரைகளையே எல்லோரும் நாடினால் இனத்தின் மரபணு வளம் குறுகும். எனவே குறைவாகப் பயன்பட்ட வழிகளையும் காப்பது வளர்ப்போரின் பொறுப்பாகிறது.

2010ஆம் ஆண்டளவில் செலவுக் குறைப்புக்காக அவான்ஷ் தேசியக் குதிரைப் பண்ணைக்கான ஆதரவை நிறுத்தக் கூட்டாட்சி அரசு முன்மொழிந்தது. பரவலான எதிர்ப்பாலும் நாடாளுமன்றத்தின் தலையீட்டாலும் பண்ணை தப்பியது. சொந்த இனத்தைப் பேணும் வளர்ப்போருக்கு அரசு தற்போது உதவித்தொகை வழங்குகிறது. கொரோனா தொற்றுக் காரணமாக 2020ஆம் ஆண்டு செய்ன்லெஜியே விழா நடைபெறவில்லை.

முக்கியத்துவம்

உலகின் பல பகுதிகளில் உழவுக் குதிரைச் சந்தைகள் டிராக்டரின் வருகையோடு மறைந்தன. செய்ன்லெஜியே விழா நீடித்ததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். ஒன்று, அது ஒரே இனத்தையும் ஒரே நிலப்பகுதியையும் விட்டு விலகாதது. இரண்டு, வளர்ப்போருக்கான மதிப்பீட்டையும் பொதுமக்களுக்கான பந்தயத்தையும் ஒரே திடலில் வைத்தது. மூன்று, குதிரையை அருங்காட்சியகப் பொருளாக்காமல் வேலை செய்யும் விலங்காகவே காட்டி வருவது.

ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழாவால் மட்டும் ஓர் இனம் பிழைத்துவிடாது. மீதி நாட்களில் அதற்கு வேலையும், மேய நிலமும், வளர்க்க ஆளும் வேண்டும். அந்த ஆளுக்கு அடுத்த ஆண்டும் ஒரு பெட்டையைச் சினைப்படுத்தலாம் என்ற துணிவைத் தருவதே, நூற்றாண்டைக் கடந்தும் செய்ன்லெஜியே சந்தை செய்து வரும் வேலையாகும்.